ஒன்லைன் விளையாட்டை விமர்சிக்க முதல்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து ஒன்லைன் விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிற, பேசி வீடியோ போடுகிற பெடியள் இப்ப கூடியிருக்கிறார்கள். மைக் இரையுது, எழுத்துப்பிழை வருது என்பதெல்லாம் நாலு பதிவோடு தானாகத் திருந்திவிடும். அதை விடுவோம். அவர்களுக்கு முந்தி வந்தவர்கள் விட்ட அதே பிழைகளை இவர்களும் வரிசை தப்பாமல் விடுகிறார்கள். அதில் ஒன்று, எத்தனை தரம் பார்த்தாலும் எரிச்சல் தருவது.

இணைய லைனின் குற்றத்தை விளையாட்டின் தலையில் போடுதல்

"நான்தான் முதல் சுட்டனான், ஆனா நான்தான் செத்தன். சேர்வர் சரியில்லை." இந்த வசனம் இல்லாத விமர்சனம் அரிது. பிங் எவ்வளவு என்று கேட்டால் ஸ்பீட் டெஸ்ட் படத்தை அனுப்புவார்கள்: 30 எம்பிபிஎஸ். சுடுகிற விளையாட்டுக்கு அந்த வேகம் தேவையே இல்லை. ஒரு மணித்தியாலம் விளையாடினாலும் பெரும்பாலும் சில பத்து எம்பிதான் ஓடும். பார்க்க வேண்டியது மூன்று: தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் (அதுதான் பிங்), அந்த நேரம் ஏறி இறங்கும் அளவு, வழியில் தொலையும் பக்கெற்றுகள், அதாவது தகவல் துண்டுகள். 90 மில்லிசெக்கனில் அசையாமல் நிற்கும் லைன், 40க்கும் 200க்கும் இடையில் துள்ளுகிற லைனைவிட எவ்வளவோ மேல்.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லிசெக்கனில் ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 2,700 கிலோமீற்றர் அளவு. போய்வர 27 மில்லிசெக்கன் கட்டாயம் வேணும். லண்டன் என்றால் 87. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையில் இதைவிடக் கூடத்தான் வரும். அதன் மேல் ரவர் வரைக்குமான 4ஜி தாமதம் வேறு. லண்டனில் இருக்கிற மச்சானோடு சேர்ந்து விளையாட ஐரோப்பா சேர்வருக்கு மாறிவிட்டு, "இந்த விளையாட்டில் கை ஓடுதில்லை, மந்தம்" என்று வீடியோ போட்டவரும் உண்டு. மச்சான் அதே விளையாட்டை அங்கிருந்து புகழ்ந்துகொண்டிருந்தார்.

சுவருக்குப் பின்னால் போன பிறகும் செத்துப்போகிறீர்களா? உடனே ஹக், கள்ள ஆட்டம் என்று எழுதாதீர்கள். பல சுடும் விளையாட்டுகளில் சேர்வர் நேரத்தைப் பின்னுக்கு ஓட்டி, சுட்டவரின் திரையில் நீங்கள் எங்கே தெரிந்தீர்களோ அதை வைத்தே தீர்ப்புச் சொல்லும். செக்கனுக்கு 6 மீற்றர் ஓடுகிற உருவம் 150 மில்லிசெக்கனுக்குள் 90 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். உங்கள் திரையில் சுவருக்குப் பின்னால், அவருடைய திரையில் வெளியில். இந்த ஏற்பாடு நியாயமா, யாருக்குச் சாதகம் என்று எழுதினால் அது விமர்சனம்.

அளக்கிற விதம் இது. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரிக்கு முதலில் 100 தடவை பிங் அடியுங்கள். அதுவே 10 மில்லிசெக்கனைத் தாண்டித் துள்ளினால், அல்லது பக்கெற் தொலைந்தால், பிழை வீட்டு வைஃபையில். ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்து, முடிந்தால் 5 கிகாஹேட்ஸில் இணைந்து மறுபடி பாருங்கள். அது சுத்தம் என்றால் கூகிளின் 8.8.8.8 முகவரிக்கு 100 தடவை. பிறகு விளையாட்டுக்குள்ளே காட்டும் பிங்கைக் குறியுங்கள். இதையே விடியற்காலை, மத்தியானம், இரவு எட்டுக்குப் பிறகு என்று மூன்று நேரம் செய்யுங்கள். விடிய நன்றாக இருந்து இரவில் குழம்பினால் பெரும்பாலும் ரவரில் நெரிசல். அளக்கும்போது வீட்டில் யாரும் கனடாவுக்கு வீடியோ கோல் எடுக்கவில்லை என்பதையும் உறுதிப்படுத்துங்கள். 4ஜியில் மேலே அனுப்பும் வழி ஒடுக்கம். அம்மம்மாவின் முகம் ரொறன்ரோவுக்குப் போகும்வரை உங்கள் பக்கெற்றுகள் வரிசையில் நிற்கும்.

சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே விளையாடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். போன் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைக்கும். பிங் அப்படியே இருக்க, செக்கனுக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) 30க்கு இறங்கினால் அது சூடு. லைனும் இல்லை, சேர்வரும் இல்லை. கவரைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கி, அரை மணித்தியாலம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, வேறு ஊரில் வேறு லைனில் இருப்பவருக்கும் அதே நேரம் இழுத்தால், சேர்வரைத் தாராளமாகத் திட்டலாம்.

மந்தமெல்லாம் கோளாறு என்று எண்ணுதல்

ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதும்போது, சேர்வர் விழாமல் இருக்க விளையாட்டின் நேரமே வழமையான வேகத்தின் 10 வீதத்துக்கு வரை இறக்கப்படும். 2014 ஜனவரியில் நடந்த பெரும் போர் ஒரு நாளுக்குக் கிட்ட இழுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம். போர் மூண்டது ஒரு கூட்டணி கட்டவேண்டிய தொகை கட்டப்படாமல் போனதால்.

பொட்டுகளை வென்றுவிட்டு எழுதுதல்

பப்ஜி மொபைலின் தொடக்க நிலைகளில் எதிரே வருவதில் பெரும்பகுதி பொட், அதாவது கணினியே ஓட்டும் உருவம். நேர்கோட்டில் ஓடும், நின்று நிதானமாகச் சுடும், பக்கத்தில் குண்டு விழுந்தாலும் ஒளிய இடம் தேடாது. அவற்றை அடித்து எடுத்த வெற்றியை வைத்து "சுலபமான விளையாட்டு" என்று எழுதாதீர்கள். மனிதர்கள் வரும் நிலைக்கு ஏறிய பிறகே துப்பாக்கிகளின் சமநிலை பற்றிப் பேசலாம்.

உலகத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தல்

மலை அழகு, தண்ணீர் அழகு என்று பத்து நிமிடம். அங்கே ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் மெய்நிகர் உலகத்தின் பாதி. 2005 செப்ரெம்பரில் வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டில் ஒரு பெரிய எதிரி (பொஸ்) பரப்பும் நோய், வீரர்களின் வளர்ப்பு விலங்குகளோடு நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்தவர்கள் வீதியில் விழுந்து செத்தார்கள். சிலர் குணப்படுத்த ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். தொற்றுநோய் ஆய்வாளர்கள் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். வரைகலையை மட்டும் பார்த்தவருக்கு அந்த வாரத்தில் எழுத எதுவும் இருந்திருக்காது.

குறைந்தது வெவ்வேறு நேரங்களில் போங்கள். சந்தையில் நின்று விலையைப் பாருங்கள், பொது அரட்டையை வாசியுங்கள், புதிதாக வந்தவர் கேள்வி கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது என்று குறியுங்கள்.

"ஸ்கின்தானே" என்று கடந்துபோதல்

ஸ்கின் என்பது துப்பாக்கிக்குப் போடும் புதுத் தோற்றம். ஆனால் ஃப்ரீ ஃபயரில் பல துப்பாக்கி ஸ்கின்கள் சேதத்தையும் சுடும் வேகத்தையும் மாற்றும். ஒவ்வொன்றின் விவரத்தையும் திறந்து வாசித்த பிறகே அழகுக்கு மட்டும் என்று எழுதுங்கள்.

தோற்ற கோபத்தோடு எழுதுதல்

அடுத்த நாள் விடிய எழுதுங்கள்.

பதிப்பு எண் போடாமை

பதிப்பு, திகதி, சேர்வர், போன், பிங். முதல் வரியில்.