புடையன் நஞ்சில் 48 எங்கே? புரதத் தொடர்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் வயல் வேலை மும்முரமாகும் நாள்களில் புடையன் கடியும் கூடும். அந்தப் பாம்பின் நஞ்சிலுள்ள பொஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதியம், புரதக் கட்டமைப்பில் கை பழக நல்ல பொருள். 121 அமினோ அமிலங்கள்தான். பிடிபி (புரதத் தரவு வங்கி) களஞ்சியத்தில் கட்டமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வவுனியாவிலோ அறிவியல் நகரிலோ இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்பவர், மடிந்த புரதத்தில் எந்த அமினோ அமிலம் எதைத் தொடுகிறது என்பதைச் சாதாரண லப்டொப்பில் சில வினாடிகளில் கணித்து முடித்துவிடலாம். பிழையான விடையும் அதே வேகத்தில்தான் வரும். எது எதோடு தொடுகிறது என்ற இந்தக் கணக்கில் பிழை எங்கே நுழைகிறது என்பதை இந்தப் புரதத்தை வைத்தே பார்ப்போம்.

வேலி ஒன்று, படலை வேறு

பிடிபி கோப்பில் டைசல்பைட்டுப் பாலங்கள் (இரு சிஸ்டைன்களின் கந்தகங்களுக்கு இடையிலான பிணைப்புகள்) போன்ற சிலதைத் தவிர, தொடர்பு என்று எதுவும் எழுதியிருக்காது. அணுவின் பெயர், அது எந்த ரெசிடியூவுக்கு (சங்கிலியில் கோத்த அமினோ அமிலத்துக்கு) உரியது, எங்கே இருக்கிறது என்ற ஆள்கூறுகள், அவ்வளவுதான். எவ்வளவு கிட்ட வந்தால் தொடர்பு என்பதை ஆய்வு செய்பவரே தீர்மானிக்க வேண்டும். வழக்கத்தில் மூன்று அளவுகள் உண்டு. அல்பா காபன்களுக்கு (சங்கிலியின் முதுகெலும்பில் பக்கச் சங்கிலி கிளைக்கும் காபன்) இடையே 7 முதல் 8 அங்ஸ்ட்ரம் (ஓர் அங்ஸ்ட்ரம் மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பீற்றா காபன்களுக்கு (பக்கச் சங்கிலியின் முதற் காபன்) இடையே 8. ஐதரசன் தவிர்ந்த எந்த இரு அணுக்களுக்கும் இடையே 4.5 முதல் 5.

மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். அல்பா காபன்கள் 6 அங்ஸ்ட்ரம் தூரத்தில் இருக்க, பக்கச் சங்கிலிகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு நிற்கலாம். வேலி ஒன்றுதான், படலைகள் வேறு வேறு ஒழுங்கையில். வேலியைப் பார்த்து இரண்டு வீட்டாருக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறதென்று சொல்ல முடியாது. மறுவளமாக, ஆர்ஜினினின் பக்கச் சங்கிலி நீளமானது. அதன் நுனி நைதரசன் அல்பா காபனிலிருந்து ஏறத்தாழ 7 அங்ஸ்ட்ரம் தள்ளிப் போகும். அது அஸ்பாட்டிக் அமிலத்தோடு உப்புப் பாலம் (எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பு) போட்டிருக்கும்போது இரு அல்பா காபன்களும் 10 அங்ஸ்ட்ரத்துக்கு மேல் விலகி நிற்கலாம். 8இல் வெட்டினால் பாலமே காணாமற்போகும். மடிப்பின் ஒட்டுமொத்த உருவம் வேண்டுமென்றால் பீற்றா காபன் போதும். எந்த ரெசிடியூவை மாற்றினால் என்ன குலையும் என்று கேட்பவர் எல்லா அணுக்களையும் எடுக்கத்தான் வேண்டும்.

எல்லையை ஒரே எண்ணில் நம்பி விடுவதும் ஆபத்து. நடுத்தரப் பிரிவலுவுள்ள (பிரிவலு என்பது எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்ற அளவு) கட்டமைப்பில் அணுவின் இடமே அங்ஸ்ட்ரத்தின் பத்தில் சில பங்கு அங்குமிங்கும் போகும். 4.48 தொடர்பு, 4.52 தொடர்பில்லை என்பதற்கு அங்கே பொருளில்லை. 4.0, 4.5, 5.0 என்று மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றிலும் நிற்கும் தொடர்பைப் பற்றித் துணிந்து பேசலாம்.

எண்ணும்போது அணுச் சோடியையும் ரெசிடியூச் சோடியையும் கலக்கக் கூடாது. இரண்டு பினைல்அலனின்கள் நெருங்கினால் ஒரே சோடியில் பத்துக்கு மேற்பட்ட அணுத் தொடர்புகள் வரும். 27ஆம், 126ஆம் ரெசிடியூக்களின் ஒரே சோடியை 27–126 என்றும் 126–27 என்றும் இரண்டாக எண்ணி (121 ரெசிடியூவில் 126 எப்படி வந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்), தொகையை இரட்டிப்பாக்குவது இன்னொரு பழைய வியாதி.

கிளைசினும் கல்சியமும்

கிளைசினுக்குப் பீற்றா காபன் கிடையாது. பீற்றா காபனைத் தேடும் ஸ்கிரிப்ட் பலவேளைகளில் சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போகும். நமது நொதியத்தில் இது சின்ன விடயமல்ல. கல்சியம் அயனைப் பிடித்திருக்கும் வளையத்தில் 30ஆம், 32ஆம் இடங்களில் கிளைசின்தான். அவை முதுகெலும்பு ஒட்சிசனால் கல்சியத்தைத் தொடுகின்றன. தைரோசின் 28இன் முதுகெலும்பு ஒட்சிசனும், அஸ்பாட்டிக் அமிலம் 49இன் இரண்டு ஒட்சிசன்களும் கூடச் சேரும். கிளைசினை விட்டுவிட்டால், நொதியம் வேலை செய்யும் இடமே வரைபடத்தில் வெளிறிக் கிடக்கும். கிளைசினுக்கு அல்பா காபனை எடுத்துக்கொள்ளுங்கள், அப்படி எடுத்ததை அறிக்கையிலும் எழுதுங்கள்.

கல்சியத்தில் இன்னொரு பொறி உண்டு. பிடிபி கோப்பில் அல்பா காபனுக்கும் கல்சியத்துக்கும் பெயர் ஒரே இரண்டெழுத்து: சி, ஏ. கல்சியத்துக்கு 13ஆம் நிரலில் (வரியின் 13ஆவது எழுத்திடத்தில்) தொடங்கும், அல்பா காபனுக்கு 14ஆம் நிரலில். வெற்றிடங்களை நீக்கிவிட்டு ஒப்பிடும் ஸ்கிரிப்டுக்குக் கல்சியம் அயனும் ஓர் அல்பா காபன்தான். மூலகம் எழுதியிருக்கும் 77, 78ஆம் நிரல்களைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

வரியை வெற்றிடத்தில் பிளந்து வாசிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இது நிரல் அளவு நிலையான கோப்பு. ரெசிடியூ எண் நாலு இலக்கமானால் சங்கிலி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். மறை எண்ணுள்ள ஆள்கூறுகளும் ஒட்டும். அதன்பிறகு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வை வந்து நிற்கும், கணிப்போ நிற்காமல் ஓடும். 17ஆம் நிரலில் எழுத்து இருந்தால் அது மாற்று நிலை: ஒரே பக்கச் சங்கிலி இரண்டு இடங்களில் காணப்பட்டிருக்கிறது. இரண்டையும் வாசித்தால் ஒரு ரெசிடியூ ஒரே நேரத்தில் இரு பக்க அயலவரோடும் தொடர்பு வைத்ததாகிவிடும். பைதன் மொழிக்கான பயோபைதன் தொகுப்பு, வழமையாக அதிக பங்குள்ள (கூடுதலான மூலக்கூறுகளில் காணப்படும்) நிலையைத் தானே எடுத்துத் தரும். கையால் எழுதிய ஸ்கிரிப்டில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

48, 47, 63

அதிகம் பேர் விழும் குழி இதுதான்.

இந்த நொதியத்தின் வினையூக்கி ஹிஸ்டிடினை ஆய்வுக் கட்டுரைகள் 48 என்று அழைக்கும். அது பொஸ்போலிப்பேஸ் குடும்பம் முழுவதற்கும் பொதுவான எண்ணிடல். ஒப்பிட வசதியாக, இந்தப் புரதத்தில் இல்லாத இடங்களுக்கான எண்களை விட்டுவிட்டு எண்ணுவார்கள். அதனால் ரெசிடியூக்கள் 121 ஆனாலும் கடைசி எண் 133. ஒன்றிலிருந்து தொடர்ந்து எண்ணினால் அதே ஹிஸ்டிடின் 47ஆவது. புரதத் தொடரில் 16 ரெசிடியூ நீளமான சமிக்ஞைத் துண்டும் (புரதம் வெளியே செல்ல வழிகாட்டும் தொடக்கப் பகுதி) முன்னால் சேர்ந்திருந்தால் 63ஆவது. தொடர்ந்து எண்ணிய கோப்பில் 48ஐக் கேட்டால் பக்கத்து அஸ்பாட்டிக் அமிலம் வந்து நிற்கும்.

ஈமோகுளோபினில் இது இன்னும் நுணுக்கமானது. அரிவாள் செல் நோயில் மாறும் பீற்றாச் சங்கிலி குளூட்டாமிக் அமிலம் பழைய எண்ணிடலில் 6, தொடக்க மெதியோனினையும் எண்ணினால் 7. பிடிபி கோப்புகள் பெரும்பாலும் 6 என்பதையே பின்பற்றும். அங்கே 7ஐக் கேட்டாலும் குளூட்டாமிக் அமிலமே வரும், ஏனென்றால் அடுத்ததும் அதுதான். பெயரைச் சரிபார்த்துத் திருப்திப்பட்டால் பிழையான ரெசிடியூவின் தொடர்புகளை அட்டவணை போட்டிருப்பீர்கள். முன்னும் பின்னும் மூன்று நான்கு ரெசிடியூக்களைச் சேர்த்து ஒப்பிடுவதே பாதுகாப்பு.

தொடரில் பக்கத்திலிருப்பவை எப்படியும் தொடும் என்பதால், மூன்று நான்கு இடங்களுக்குள் உள்ள சோடிகளைக் கழிப்பது வழக்கம். அந்த இடைவெளியைக் கோப்பிலுள்ள எண்களைக் கழித்துப் பெறாதீர்கள். சிஸ்டைன் 50க்கும் 133க்கும் எண் வித்தியாசம் 83, உண்மையான இடைவெளி 72.

பாதிப் புரதம், புரண்ட வளையம்

புரதத்தைப் பளிங்காக்கி எடுத்த கட்டமைப்பென்றால், தரவிறக்கும் கோப்பில் பளிங்கின் மீள வரும் அலகு மட்டுமே இருக்கலாம். ஒட்சிஈமோகுளோபினின் 1எச்எச்ஓ பதிவில் நான்கு சங்கிலிகளில் இரண்டுதான் உண்டு. மற்றப் பாதியைச் சமச்சீரால் உருவாக்க வேண்டும். முழு மூலக்கூறும் உள்ள உயிரியல் தொகுப்புக் கோப்பை எடுக்காமல் சங்கிலிகளுக்கிடையிலான தொடர்பைப் பேசினால், சங்கிலிகள் ஒன்றையொன்று தொடும் முகப்பில் பாதி விடுபடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. பளிங்கில் நெருக்கி அடுக்கியதால் தொட்ட இரு மூலக்கூறுகளை உடலிலும் சோடியாக வேலை செய்பவை என்று நம்பிவிடுவது அது.

ஐதரசன் பிணைப்பைத் தூரத்தால் மட்டும் பிடிக்காதீர்கள். 2.8 அங்ஸ்ட்ரத்தில் இரண்டு ஒட்சிசன்கள் நின்றால் ஸ்கிரிப்ட் பிணைப்பு என்று எழுதிவிடும், கொடுப்பதற்கு ஐதரசன் எவரிடமும் இல்லாவிட்டாலும். எக்ஸ் கதிர் வரைபடத்தில் அஸ்பராஜின், குளூட்டமின் நுனிகளின் நைதரசனும் ஒட்சிசனும் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரிவதால் அவை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். ஹிஸ்டிடின் வளையமும் புரண்டிருக்கலாம். நமது ஹிஸ்டிடின் 48 ஒரு நைதரசனால் அஸ்பாட்டிக் அமிலம் 99ஐப் பிடிக்கிறது, மற்றதால் நீர் மூலக்கூறை. வளையம் புரண்டால் இரண்டு இடத்திலும் காபன். ரெடியூஸ் போன்ற செயலியால் ஐதரசனைச் சேர்க்கும்போது எதைப் புரட்டியது என்ற பட்டியலையும் வாசியுங்கள். நீர் மூலக்கூறுகளை முதலிலேயே அழித்தவருக்கு அந்த இரண்டாவது பிணைப்பு தெரியவே தெரியாது.

அல்பாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி கணித்த மாதிரியை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பக் காரணி இருக்கும் நிரலில் அங்கே நம்பகப் புள்ளி இருக்கும். வெப்பக் காரணி கூடினால் அணு தளம்பல். நம்பகப் புள்ளி கூடினால் மாதிரி உறுதி. 50க்குக் கீழான பகுதிகளின் தொடர்புகளை விட்டுவிடலாம். சமிக்ஞைத் துண்டும் சேர்ந்த மாதிரியென்றால் அதன் தொடர்புகளையும் கழியுங்கள். முதிர்ந்த நொதியத்தில் அந்தத் துண்டு வெட்டப்பட்டிருக்கும்.

ஏழு பாலங்கள்

எந்த ஸ்கிரிப்டையும் விடை தெரிந்த கேள்வியில் முதலில் ஓட்டுங்கள். இந்த நொதியத்தில் ஏழு டைசல்பைட்டுப் பிணைப்புகள் உண்டு. கந்தகங்களுக்கிடையே தூரம் ஏறத்தாழ 2.05 அங்ஸ்ட்ரம். 27–126, 51–98, 50–133 எல்லாம் எந்த அளவு வைத்தாலும் பட்டியலில் வரத்தான் வேண்டும். பல வந்து சேராவிட்டால் எண்ணிடலைப் பாருங்கள். ஏழுக்கு ஆறுதான் வந்து, இல்லாதது 50–133 என்றால், ரெசிடியூக்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்பின் முடிவெல்லையைப் பாருங்கள். 133 சங்கிலியின் கடைசி, அதாவது 121ஆவது, ரெசிடியூ. பைதனில் 1 முதல் 121 வரை என்று கொடுத்தால் அது 120இலேயே நின்றுவிடும்.