விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகள்: கூச்சத்தால் நேரும் தவறுகள்

சில்டனாஃபில், தடாலஃபில் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்குத் தலைவலி, முகம் சிவந்து சூடாதல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை வருவதுண்டு. இவை பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும். உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது, இம்மாத்திரையை எடுத்துக்கொண்டதை மருத்துவரிடம் மறைப்பது.

சில்டனாஃபில் முதலில் இதயம் சார்ந்த நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட மருந்து. 1998 மார்ச்சில்தான் 'வயாகரா' என்ற பெயரில் விறைப்புக் குறைபாட்டுக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருள் உடலில் சிதையாமல் இது தடுக்கிறது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் முதலான நைட்ரேட் மருந்துகளோ அதே வேதிப்பொருளைக் கூடுதலாக உருவாகச் செய்கின்றன. இரண்டும் உடலில் ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும். ஆகவே, நைட்ரேட் எடுத்துக்கொள்பவர்கள் இம்மாத்திரைகளைத் தொடவே கூடாது. இதுவரை இதயநோய் இல்லாத ஒருவருக்கு, மாத்திரை போட்ட இரவில் முதன்முறையாக நெஞ்சுவலி வந்தாலும், எந்த மாத்திரையை எப்போது போட்டார் என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடமே சொல்லிவிட வேண்டும். சில்டனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், தடாலஃபில் எடுத்து 48 மணி நேரமும் கழியாமல் நைட்ரேட் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். சுற்றி நிற்கும் உறவினர்கள் முன் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர்களை விலகி நிற்கச் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின், கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றை எடுத்துக்கொள்வதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

அளவை மீறுவது அடுத்த தவறு. வயிறு நிறைய பிரியாணி சாப்பிட்டுவிட்டு 50 மில்லிகிராம் சில்டனாஃபில் போட்டால், கொழுப்பு மிகுந்த உணவு அதன் உச்ச விளைவைச் சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போடும். அது தெரியாமல், மருந்து வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைப் போடுபவர்கள் பக்கவிளைவுகளை வலிந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறைதான், அதுவும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவுதான். தடாலஃபில் உடலில் நெடுநேரம் தங்குவதால், மறுநாள் முதுகும் தசைகளும் வலிக்கலாம்.

'பக்கவிளைவே இல்லாத மூலிகை' என்ற விளம்பரத்தை நம்புவது இவற்றையெல்லாம்விட என்னைக் கலங்க வைக்கும் தவறு. 2008ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனைகளில் நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்த நிலையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் நால்வர் இறந்தனர். சட்டவிரோதமாக விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில், மூலிகை என்று சொல்லப்பட்டவை உட்பட, கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மருந்து கலந்திருந்தது. சீட்டில்லாமல் வாங்கும் பழக்கத்தில் வேறோர் இழப்பும் உண்டு. விறைப்புக் குறைபாடு சிலருக்கு நீரிழிவின் அல்லது இரத்தக்குழாய் அடைப்பின் முன்னறிகுறியாக இருக்கும்; பரிசோதனை செய்துகொள்ளாதவர் அதை அறியாமலே போய்விடுகிறார்.

பார்வையில் சற்று நேரம் நீலச் சாயல் படிந்தால் அது சில்டனாஃபிலின் அறிந்த விளைவுதான். ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை திடீரென மங்கினால், அல்லது காது சட்டென்று கேட்காமல் போனால், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாமல் நீடித்தாலும் அப்படியே. இது அரிதாகவே நேர்வது என்றாலும், உள்ளே தேங்கிய இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போவதால் திசுக்கள் நிரந்தரமாகச் சேதமடையக்கூடும். விடியட்டும் என்று அறைக்குள் காத்திருக்காமல், அந்த இரவிலேயே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.