பள்ளிச் சட்டை சின்னதானால் பாக்கெட்டை மட்டும் பிரித்தெடுங்கள்

பள்ளி முத்திரை பாக்கெட்டில் இருந்தால், சின்னதாகிப்போன சட்டையைத் தூக்கிப் போடும் முன் அந்தப் பாக்கெட்டைப் பிரித்தெடுத்து வையுங்கள். வெளியில் அதே நிறத்தில் முத்திரை இல்லாத சட்டை வாங்கி, அதில் தைத்துக்கொள்ளலாம்.

பிள்ளை வளர்ந்தாலும் பாக்கெட் வளர வேண்டியதில்லை. சட்டையில் முதலில் நைவது காலரும் கை ஓரமும்தான், பாக்கெட் அநேகமாகப் புதிதாகவே இருக்கும். பள்ளிச் சட்டைக்குக் கூடுதலாக வாங்கும் காசு பெரும்பாலும் அந்த முத்திரைக்குத்தான்!

பிளேடை வெளிப்பக்கம் வைக்காதீர்கள், துணி கிழியும். சட்டையின் உள்பக்கமிருந்து நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்தால் நூல் தானே உருவி வரும். புதுச் சட்டை பருத்தி என்றால் ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகே தையுங்கள். பழைய பாக்கெட் ஏற்கெனவே சுருங்கியது. அலசாமல் தைத்தால் சட்டை சுருங்கும்போது பாக்கெட் உப்பி நிற்கும். தையல்காரரிடம் கொடுத்தால், பாக்கெட்டின் மேல் மூலை இரண்டிலும் முக்கோணத் தையல் போடச் சொல்லுங்கள்.

வெள்ளைக்குக் கச்சிதம். நீலம், மெரூன் என்றால் வெளுத்த பாக்கெட் தனியாகத் தெரியும். முத்திரையை மார்பிலேயே எம்பிராய்டரி செய்திருந்தாலோ, பள்ளிக்கென்றே நெய்த கட்டம் போட்ட துணி என்றாலோ இது உதவாது.