தென்னம்பலகைத் தேய்மானத்தைப் பைத்தானில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

மலேசியாவின் பாகான் டத்தோவில் தென்னைத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. காய்ப்பு குறைந்த மரங்களை அறுத்து வாங்கி மச்சான் தன் பட்டறையில் மேசை செய்கிறார். ஒரு நாள் கேட்டார்: "மெஷின்ல பஞ்சு வச்சு உப்புத்தாளால தேய்ச்சா கோடு கோடா கையில தட்டுது. கட்டையில அதே தாளைச் சுத்தித் தேய்ச்சா தட்டல. ஏன் மாப்ள?" அதற்காக எழுதிய நிரல்தான் இது. பைத்தானும் அதன் எண் கணக்கு நூலகமான நம்பையும் உங்கள் கணினியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பலகை

தென்னைக்கு ஆண்டு வளையம் கிடையாது. மென்மையான சதைக்குள் கருத்த, கெட்டியான நார்க்கற்றைகள் ஓடும். பட்டைப் பக்கம் நெருக்கமாக, நடுவில் அரிதாக. ஆக 100×100 அளவில் இரண்டு அணிகள் (எண் அட்டவணைகள்) போதும்: ஒவ்வொரு புள்ளியின் உயரம், அது எவ்வளவு எளிதில் தேயும் என்று சொல்லும் தேய்வெண். சதைக்கு 0.05, நாருக்கு 0.025 என்று வையுங்கள் (அலகு: ஒரு நியூட்டன் மீட்டருக்குக் கன மில்லிமீட்டர்). இவை அளந்த எண்கள் அல்ல, பழகுவதற்கானவை. முதலில் பாதி சதை, பாதி நார் என்று நீளக் கோடுகளாகப் பிரியுங்கள். நிஜப் பலகையின் படத்தை அப்புறம் ஏற்றலாம்.

படி 2: விதி

தேய்வு = தேய்வெண் × அழுத்தம் × தூரம். கண்ணாடி மெருகேற்றலுக்கு 1927-இல் பிரெஸ்டன் சொன்னதும், பொதுத் தேய்மானத்துக்கு 1953-இல் ஆர்ச்சர்ட் சொன்னதும் இதே வடிவம்தான். அழுத்தத்தை மெகாபாஸ்கலிலும் தூரத்தை மீட்டரிலும் கொடுத்தால் விடை நேரே மில்லிமீட்டரில் வரும்.

படி 3: அழுத்தம்

என்னை அதிக நேரம் உட்கார வைத்த படி இது. எல்லாப் புள்ளிக்கும் ஒரே அழுத்தம் கொடுத்தால் சதை போய்க்கொண்டே இருக்கும், பள்ளத்துக்கு அடியே இராது. உண்மையில் பள்ளமான இடத்தில் திண்டு (தாளுக்குப் பின்னால் இருக்கும் பஞ்சு அல்லது கட்டை) குறைவாகத்தான் அழுத்தும். திண்டை வரிசையாக நிற்கும் ஸ்பிரிங்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள்: அழுத்தம் = விறைப்பு × (உயரம் − திண்டின் மட்டம்). கழித்து எதிர்மறை வந்தால் பூஜ்யம்.

திண்டின் மட்டம் எது? அதை நாம் முடிவு செய்யக் கூடாது. கை கொடுக்கும் மொத்தப் பாரம்தான் முடிவு செய்யும். மேல் எல்லை, பலகையின் மிக உயர்ந்த புள்ளி: அங்கே அழுத்தம் பூஜ்யம். கீழ் எல்லை, மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து (சராசரி அழுத்தம் ÷ விறைப்பு) கழித்தது: அங்கே அழுத்தம் கண்டிப்பாகப் போதும். இரண்டுக்கும் நடுவே பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய், சராசரி 0.03 மெகாபாஸ்கல் வரும் மட்டத்தைப் பிடியுங்கள். 40 முறை பாதியாக்கினால் தாராளம். தாளைச் சிறு சிறு தூரமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்விலும் இதை மறுபடி செய்து, வரும் தேய்வை உயரத்திலிருந்து கழிக்க வேண்டும்.

படி 4: ஓட்டம்

தேய்வெண் × விறைப்பு × ஒரு நகர்வின் தூரம், இந்தப் பெருக்கல் 0.1-ஐத் தாண்டக் கூடாது. ரொம்பத் தாண்டினால் பலகை மேலும் கீழுமாகத் துள்ளும். பஞ்சுக்கு விறைப்பு 0.5 (அலகு: ஒரு மில்லிமீட்டருக்கு மெகாபாஸ்கல்), நகர்வு 1 மீட்டர், மொத்தம் 400 மீட்டர். கட்டைக்கு விறைப்பு 10, நகர்வு 0.2 மீட்டர், மொத்தம் 40 மீட்டர் போதும்.

நிரலைக் கட்டம் கட்டமாக ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில் இதைச் செய்யாதீர்கள். ஒரு கட்டத்தை மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே தேய்ந்த பலகையையே மேலும் தேய்க்கும், தெரியவும் தெரியாது. சாதாரண நிரல் கோப்பே நல்லது. அன்சிஸ், அபாகஸ் (Abaqus) போன்ற பெரிய பொறியியல் மென்பொருள்கள் எல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

சரிபார்ப்பு: கடைசியில் நாரும் சதையும் ஒரே வேகத்தில் இறங்கும். அதற்கு நாரில் 0.04, சதையில் 0.02 மெகாபாஸ்கல் இருந்தாக வேண்டும். வித்தியாசம் 0.02, அதை விறைப்பால் வகுத்தால் மேடு எவ்வளவு என்று கிடைத்துவிடும். பஞ்சில் 40 மைக்ரான், கட்டையில் 2. மச்சானின் கையில் தட்டியது அந்த 40 தான்.

பின்சேர்க்கை: பலகையில் குழி வைத்துப் பார்த்த ஒருவர், விளிம்பு மழுங்கவே இல்லை என்று எழுதியிருந்தார். மழுங்காது. நம் ஸ்பிரிங்குகள் பக்கத்து ஸ்பிரிங்கைக் கண்டுகொள்வதில்லை. ஓரம் உருள வேண்டுமென்றால் படி 3-இல் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒரு புள்ளியின் அழுத்தம் சுற்றுப்புறத்தையும் அமுக்கும் பூசினெஸ்க் சூத்திரத்தைப் போட வேண்டும். மற்ற படிகள் அப்படியே இருக்கலாம், ஆனால் 0.1 என்ற வரம்பு மட்டும் செல்லாது, நகர்வைக் குறைத்துக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.