பேய் கண்ணுக்குத் தெரியும் பிள்ளையை நாவலாக எழுத

பதினாறு வயதுப் பெண்ணுக்கு மட்டும் பேய் தெரிகிறது. முதல் வரிக்கு முன்பே மூன்றை முடிவு செய்யுங்கள்: எப்போது தெரியும், பேயால் எதைத் தொட முடியும், பார்ப்பதால் அவளுக்கு என்ன நட்டம். மூன்றாவதை விட்டுவிடவே கூடாது. பார்த்த மறுநாள் காய்ச்சல் வரலாம். பிளஸ் டூ தேர்வு நேரத்தில் அன்று படித்தது மறந்துபோகலாம். நட்டமே இல்லையென்றால் பேய் கேட்டதையெல்லாம் சொல்லும் உளவாளியாகிவிடும், பாதியில் கதை படுத்துவிடும்.

முதல் நாவலுக்கு ஏறக்குறைய 40,000 சொற்கள் போதும்: 1,300 சொல் வீதம் முப்பது அத்தியாயம். முதல் ஆயிரம் சொற்களுக்குள் பேய் வந்துவிட வேண்டும், ஆனால் சாதாரண ஆளாக. வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் வேண்டாம். வாசகர் அதற்குப் பயப்படுவதை நிறுத்தி வெகுநாளாகிறது.

பேய் இறந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். துப்பெல்லாம் அங்கிருந்துதான் வரும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அதற்கு முன் செத்தவர் அணாவில்தான் கணக்குச் சொல்வார். ரூபாய்க்கு 16 அணா. இதைவிட அழகானது எழுத்து. 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த பேய் கரும்பலகையில் 'தலை' என்று எழுதினால், 'லை' யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். உங்கள் பெண் அதைப் பிழை என்றே நினைக்கட்டும். பாட்டி பார்த்ததும் கண்டுபிடிக்கட்டும். ஒரு எச்சரிக்கை: பழைய எழுத்தில் படித்தவர்கள் பலர் 1978க்குப் பிறகும் அப்படியே எழுதினார்கள். ஆகவே இது படித்த காலத்தைக் காட்டுமே தவிர, இறந்த ஆண்டைக் காட்டாது. கதாநாயகி தப்புக் கணக்குப் போட்டு வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்ட இதுவே நல்ல இடம்.

பேய்க்குப் பழிவாங்கும் வெறி மட்டும்தான் என்று எழுதாதீர்கள். கன்னியாகவே இறந்த பெண்ணுக்குப் புதுப்பாவாடை வைத்துப் படைக்கும் வீடுகள் உண்டு. தென்மாவட்டங்களில் அநியாயமாகச் செத்தவர்களின் கதையை வில்லுப்பாட்டில் பாடுகிறார்கள். தன் பெயரை யாராவது சொல்ல வேண்டும் என்று ஒரு பேய் கேட்டால், அதைப் பள்ளிப் பெண்ணால் செய்துகொடுக்க முடியும்.

செல்போனில் பேய் பதிவாகுமா என்பதை மூன்றாம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசகர் கேட்டுக்கொண்டே இருப்பார். இரவில் அவள் வெளியே போக டியூஷன், பாட்டி வீடு என்று நம்பும்படி ஒரு காரணம் கொடுங்கள். விஷயம் தெரிந்தால் அம்மா மந்திரித்த கயிறு கட்டுவாள், அப்பா டாக்டரிடம் கூட்டிப்போவார், இருவரையும் முட்டாளாக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் பேய் வரும் பத்திகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். தொட முடியாது என்ற பேய் இருபதாம் அத்தியாயத்தில் கதவைத் திறந்திருக்கும்.