ஈர மூட்டையும் என் தொப்பையும்: உடம்பு குறைவதைக் கணக்கு வைப்பது எப்படி?

வேலூர் மண்டித் தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க எடை போடுவதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே என் எடையை ஒரு வருடம் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பாக்கெட்டில் செல்போனும் சாவிக்கொத்தும் இருக்க, மூட்டை வைக்கும் தராசில் ஏறி நிற்பேன். ஒரு நாள் 88 காட்டும், இன்னொரு நாள் 90. 88 வந்தால் அந்தச் சந்தோஷத்தில் சாயங்காலம் இரண்டு போண்டா. 90 வந்தால் "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று அன்றும் இரண்டு போண்டா.

மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் இதை வெகுநாள் கவனித்திருக்கிறார். ஒரு நாள் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னா தம்பி, ஈர நெல்லை எடை போட்டுட்டு வெளைச்சல் கூடிப்போச்சுன்னு சொல்ற மாதிரி கீது."

நெல் வியாபாரத்தில் இது பாலபாடம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள். தண்ணீருக்கும் எடை உண்டு, ஆனால் தண்ணீருக்கு யாரும் காசு தர மாட்டார்கள். நம் உடம்பும் ஈர மூட்டைதான். எது தண்ணீர், எது கொழுப்பு என்று பிரித்துப் பார்க்க வழி தெரியாவிட்டால், தராசு நம்மை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். நான் கற்றுக்கொண்ட வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதயத் தொந்தரவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பிறகு ஆரம்பியுங்கள்.

படி 1: ஒரு நோட்டு வாங்குங்கள்

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மூன்று ஆப் போட்டுப் பார்த்தேன், மூன்றும் பத்தாவது நாளோடு நின்றுபோயின. நீளக் கணக்கு நோட்டு ஒன்று போதும். தேதி, காலை எடை, நடந்த நேரம், கடைசியில் "குறிப்பு" என்று ஒரு பத்தி. அந்தக் குறிப்புப் பத்திதான் முக்கியம். "நேற்று கல்யாண விருந்து", "தூக்கமில்லை", "காய்ச்சல்" என்று ஒரு சொல் எழுதி வைத்தால், ஒரு மாதம் கழித்து அதுதான் காரணத்தைச் சொல்லும். நோட்டை எடை மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டி, பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாத பேனா தங்காது.

படி 2: எடை போடும் முறை

வீட்டு மெஷினைப் பாய் மேலோ கால்மிதி மேலோ வைக்காதீர்கள். கெட்டியான சமதளத் தரையில், தினமும் ஒரே இடத்தில் வையுங்கள். மெஷின் சரியா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. பிரிக்காத அரிசிச் சிப்பம் ஒன்றை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். (25 கிலோ வரை உள்ள பைகளுக்கு ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து கடைகளில் 26 கிலோ சிப்பம்தான் அதிகம்.) மூன்று முறையும் ஒரே எண் வந்தால் மெஷின் பரவாயில்லை. 200 கிராம் கூடக் காட்டினாலும் குற்றமில்லை, தினமும் அதே 200 கிராமாக இருந்தால் சரி.

காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்த பிறகு, தண்ணீரோ காபியோ குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி லேசான உடையில் ஏறுங்கள். எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அன்றைய எண்ணுக்கு அர்த்தம் தேடவே கூடாது.

ஏன் என்று கேட்டால், ஒரே நாளில் ஒன்று ஒன்றரைக் கிலோ ஏறி இறங்குவது சர்வ சாதாரணம். உப்பு அதிகமாகச் சாப்பிட்டால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோறு, ரொட்டியில் உள்ள மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் எடை கூடும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தக் கிளைக்கோஜனும் அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறுவதால்தான் டயட் தொடங்கிய முதல் வாரம் எடை சடசடவென்று குறைகிறது. போவதில் பெரும்பகுதி ஈரம். "ஒரே வாரத்தில் மூன்று கிலோ" விளம்பரங்களின் ரகசியமும் அதுதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஏழு நாள் சராசரியை. என் நோட்டிலிருந்தே இரண்டு வாரம் தருகிறேன், திங்கள் முதல் ஞாயிறு வரை:

முதல் வாரம்: 89.6, 89.1, 89.3, 88.8, 88.9, 88.7, 90.0
இரண்டாம் வாரம்: 89.7, 89.0, 88.8, 88.6, 88.4, 88.5, 88.3

முதல் வாரம் ஞாயிற்றுக்கிழமை ஏன் 90? குறிப்புப் பத்தியில் "ஆம்பூர் கல்யாணம், பிரியாணி" என்று இருக்கிறது. கூடவே கத்தரிக்காய் தொக்கு, அதற்குமேல் ஒரு கரண்டி பிரியாணி என்பதை மரியாதை கருதி எழுதவில்லை. ஒரே ராத்திரியில் 1.3 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் சுமார் 10,000 கலோரி மிச்சமாகியிருக்க வேண்டும். நான் பெரிய சாப்பாட்டுக்காரன்தான், ஆனாலும் அவ்வளவு இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். திங்களையும் அடுத்த திங்களையும் ஒப்பிட்டால் 89.6இலிருந்து 89.7. ஏறியிருக்கிறது! ஆனால் சராசரி எடுத்தால் முதல் வாரம் 89.2, இரண்டாம் வாரம் 88.8. அதாவது 400 கிராம் குறைந்திருக்கிறது. வெறும் திங்கட்கிழமையை மட்டும் நம்பியிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன்.

வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். ஒரு கிலோவுக்கு மேல் வாரா வாரம் போனால் தசையும் சேர்ந்து கரைகிறது என்று சந்தேகப்படுங்கள்.

படி 3: இஞ்ச் டேப்

பேண்ட் சைஸை நம்பாதீர்கள். பத்து வருடமாக எனக்கு 36 சைஸ்தான். காரணம், நான் மெலிந்தே இருந்தேன் என்பதல்ல. தொப்பை வளர வளர பேண்ட் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

விலா எலும்பின் கடைசி விளிம்பைப் பக்கவாட்டில் தொட்டுப் பாருங்கள். இடுப்பு எலும்பின் மேல் விளிம்பையும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவு எடுக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நான் முதல் தடவை எக்கிக்கொண்டு நின்றபோது வீட்டுக்காரம்மா, "ஏங்க, பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க?" என்றார்.

பழைய துணி டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அளந்தால் போதும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எச்சரிக்கை என்பது மருத்துவர்கள் வைக்கும் எல்லை. உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் சரி. என் உயரம் 168, எனவே இலக்கு 84. ஆரம்பித்தது 102இல். எடை அசையாத ஒரு மாதத்தில் டேப் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் இறங்கியது. அந்த மாதத்தை ஓட்டியதே அந்த டேப்தான்.

படி 4: ஒரே பாதை, ஒரே நேரம்

உடம்பு குறைவது வேறு, தெம்பு கூடுவது வேறு. இரண்டாவதை அளக்க ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்து மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் கோட்டைக்குப் போகிறேன். அகழி ஓரமாக ஒரு குறிப்பிட்ட மரத்திலிருந்து கிளம்பி, சுற்றிவிட்டு அதே மரத்துக்குத் திரும்ப எத்தனை நிமிடம் என்று பார்ப்பேன். எத்தனை கிலோமீட்டர் என்பது எனக்குத் தேவையில்லை, நேற்றைய மரமும் இன்றைய மரமும் ஒன்றாக இருந்தால் போதும். நடக்கும்போது பேச முடிகிறதா, ஆனால் பாட முடியவில்லையா? அதுதான் சரியான வேகம். பேசவே முடியவில்லை என்றால் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நின்று உதவி கேளுங்கள்.

கத்திரி வெயில் காலத்தில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும். வெக்கையில் அதே நடைக்கு இதயம் கூடுதலாக அடிக்கும், நேரமும் கூடும். மே மாத நேரத்தை ஜனவரி நேரத்தோடு வைத்துப் பார்த்து நொந்துபோகாதீர்கள்.

நாடித் துடிப்பையும் எழுதுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன், மணிக்கட்டில் கட்டைவிரலுக்கு நேர்கீழே இரண்டு விரல்களை வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். கட்டைவிரலால் பிடிக்கக் கூடாது, அதன் துடிப்பே குழப்பிவிடும். எனக்கு 84 இருந்தது, எட்டு மாதத்தில் 72க்கு வந்தது. சில ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் இந்த எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிய பரீட்சை ஒன்று வைத்துக்கொள்கிறேன்: சோளிங்கர் பெரிய மலை, அதாவது யோக நரசிம்மர் கோயில் இருக்கும் மலை. 1,305 படிகள். முதல் தடவை ஒன்பது இடத்தில் உட்கார்ந்தேன். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைவிட எத்தனை தடவை உட்கார்ந்தோம் என்பதுதான் நல்ல அளவு. அடுத்த தடவை ஐந்து, அதற்கடுத்தது இரண்டு. அந்த இரண்டில் ஒன்றும் குரங்கு பையைப் பிடுங்கியதால்தான், அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று இன்னும் யோசிக்கிறேன். கார்த்திகை மாதத்தில் பரீட்சை வேண்டாம், கூட்டத்தில் நம் வேகம் நம் கையில் இருக்காது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். இப்போது ரோப் கார் இருக்கிறது, இறங்க அதைப் பயன்படுத்துவதில் வெட்கம் இல்லை.

படி 5: நாற்காலி

கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மாதம் ஒரு முறை. எனக்கு 11 இருந்தது 17 ஆனது.

படி 6: போட்டோவும் லேபும்

மாதம் ஒரு போட்டோ, ஒரே சுவர், ஒரே வெளிச்சம், ஒரே பனியன். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வேலூரில் லேபுக்குப் பஞ்சமில்லை என்பதற்காக மாதா மாதம் ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதச் சர்க்கரை என்று சொல்லும் எச்.பி.ஏ.1.சி. பெயருக்கேற்ப ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைத்தான் காட்டும். அதற்கு முன் பார்த்தால் பழைய பாக்கியும் சேர்ந்தே வரும்.

படி 7: எண் அசையாதபோது

மூன்று வாரச் சராசரி நகரவில்லை, டேப்பும் நகரவில்லை என்றால்தான் ஏதோ தவறு. ஒரு வாரத்தில் முடிவுக்கு வராதீர்கள். அப்போது சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன், ஒரு வாரம் வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் எழுதுங்கள். எனக்கு ஐந்தாவது மாதம் அப்படி நின்றது. மண்டியில் மூட்டை இறக்கும்போது நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே போடுவோம். அதே மாதிரி குடித்த டீக்கெல்லாம் கோடு போட்டேன். வியாழக்கிழமைக்குள் நாலு கட்டும் தனியாக இரண்டும், அதாவது 22 டீ! ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்குப் பத்து ஸ்பூனுக்கு மேல். அடுத்த வாரம் நாளுக்கு இரண்டு, அதுவும் சர்க்கரை இல்லாமல் என்று வைத்தேன். சராசரி மறுபடி இறங்க ஆரம்பித்தது. டீக்கடைக்காரர்தான் ஒரு நாள் மண்டி வாசலுக்கே வந்து, "இன்னா சார், கடையை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.