தருமபுரியில் இருந்துகொண்டு உலக வங்கியைக் கேள்வி கேட்பது எப்படி?

ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திட்டம் வருகிறது, ஏரிக்குப் போகிற ஓடையை மண் போட்டு மூடிவிட்டார்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை. உடனே "ஐ.நா.வுக்கு எழுதுவோம்" என்று ஒருவர் கிளம்புவார். எழுதலாம், அலைச்சல்தான் மிச்சம். உதாரணத்துக்கு, ஐ.நா. வழியாக வந்த 2015 பாரிஸ் பருவநிலை ஒப்பந்தம் நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்டது. சொன்ன இலக்கை எட்டாத நாட்டுக்கே அதில் தண்டனை கிடையாது, பாலக்கோட்டு விவசாயி மனு கொடுக்க அதில் எங்கே இடம்? ஆனால் திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கியிடம் மனு கொடுக்க இடம் இருக்கிறது. அதனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

அரசுத் திட்டம் என்றால் இது சுலபம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம் (அதில் குறை என்று சொல்லவில்லை, உதாரணத்துக்குத்தான்). புளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லெல்லாம் கறையேறிப்போன நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காக வந்த அந்தத் திட்டத்துக்கு ஜப்பான் கடன் கொடுத்தது, அதைப் பார்த்துக்கொள்வது ஜைக்கா நிறுவனம். தனியார் கம்பெனி என்றால் கொஞ்சம் தோண்ட வேண்டும். உலக வங்கிக் குழுமத்தில் தனியார் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கிற ஐ.எஃப்.சி., ஆசிய வளர்ச்சி வங்கி இரண்டுமே யாருக்குக் கடன் கொடுத்தோம் என்று இணையத்தில் போட்டு வைத்திருக்கின்றன, கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். சில நேரம் நடுவில் ஒரு நிதி நிறுவனம் நிற்கும், பணம் அதன் வழியாக வந்திருக்கும். அப்போதும் புகாருக்கு வழி உண்டு.

அடுத்தது தகவல் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சம்பந்தப்பட்ட மாநில அரசு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். இதில் "ஏன் ஓடையை மூடினீர்கள்?" என்று கேட்காதீர்கள், "ஏன்" என்றால் நழுவிவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதம், அதிலுள்ள நிபந்தனைகளை நிறைவேற்றியதாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி தருகிற அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. உங்கள் புகாருக்கு இவைதான் முதுகெலும்பு.

இனி எங்கே அனுப்புவது? அரசுக்கு உலக வங்கி கொடுத்த கடன் என்றால், இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க வங்கி 1993இல் அமைத்த ஆய்வுக் குழு (இன்ஸ்பெக்ஷன் பேனல்). நர்மதை சர்தார் சரோவர் அணை விவகாரத்தில் வங்கி வாங்கிய அடியும் அது பிறக்க ஒரு காரணம். ஐ.எஃப்.சி. கடன் என்றால் சி.ஏ.ஓ. என்கிற குறைதீர்ப்பு அலுவலகம், இது 1999இல் வந்தது. இரண்டுக்கும் தமிழிலேயே எழுதலாம், வக்கீல் வேண்டாம். ஆய்வுக் குழுவுக்குக் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், முன்பே வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்கவும் வேண்டும். எனவே அனுப்பிய மின்னஞ்சல், ஒப்புகை அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லலாம், ஆனால் மொட்டைக் கடுதாசி செல்லாது.

எழுதும்போதுதான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். "எங்கள் வயிற்றில் அடிக்கிறார்கள்" என்பது உண்மைதான், ஆனால் விசாரணை என்று வந்தால் வங்கி தன்னுடைய விதியை மீறியதா என்பதைத்தான் இவர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள். அதனால் நடந்ததையும் விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஐ.எஃப்.சி. கடன் என்றால், அதன் சுற்றுச்சூழல், சமூக விதிகளுக்குச் 'செயல்பாட்டுத் தரம்' என்று பெயர், இப்படி எழுதலாம்: "பாதை போடுவதை மூன்று வீட்டுக்காரர்களிடம் மட்டும் சொன்னார்கள், தமிழில் ஒரு தாளும் தரவில்லை. பாதிக்கப்படுவோருக்கு அவர்களுக்குப் புரிகிற உள்ளூர் மொழியில் தகவல் சொல்லிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது உங்கள் செயல்பாட்டுத் தரம் 1." கூடவே தேதி போட்ட போட்டோ. நான்கைந்து பக்கம் போதும்.

ரொம்பவும் எதிர்பார்க்காதீர்கள். இவர்களால் வேலையை நிறுத்தவும் முடியாது, நஷ்டஈடு வாங்கித் தரவும் முடியாது. குஜராத் முந்த்ராவில் டாடா அனல்மின் நிலையத்துக்கு எதிராக மீனவர்கள் 2011இல் சி.ஏ.ஓ.வுக்குப் போனார்கள், ஐ.எஃப்.சி. மீது குறை இருப்பதாக 2013இல் அறிக்கையே வந்தது, நிலைமை பெரிதாக மாறவில்லை. அமெரிக்கா வரை போனார்கள். வழக்குகளிலிருந்து ஐ.எஃப்.சி.க்கு முழு விலக்கு கிடையாது என்று 2019இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது, அப்புறம் கீழ் நீதிமன்றங்களில் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் அந்த அறிக்கை இல்லாமல் அவ்வளவு தூரம் வழக்கு போயிருக்காது என்பது என் கணிப்பு.

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிற நுரை மாதிரி விஷயத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அது பெங்களூரு பக்கத்திலிருந்து தென்பெண்ணையில் வருகிற கழிவு, பிடித்துக் கேட்கக் கடன் கொடுத்த வங்கி எதுவும் இல்லை. அதற்குப் பசுமைத் தீர்ப்பாயம்தான், தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியையே எதிர்ப்பதென்றால் 30 நாள். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் இல்லை. வங்கியின் பதில் வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைக் கோட்டை விடாதீர்கள்.